குறிநோக்கித் தாங்கி

குறிநோக்கித் தாங்கி என்பது ரைபிளின் மீது குறிபார்க்கும் தொலைநோக்கியை (ஸ்கோப்) அசையாமல் பொருத்தி வைக்கும் உலோக அமைப்பு ஆகும். ஆங்கில வழக்கைப் பின்பற்றி இது மவுண்ட் என்றும் அழைக்கப்படுகிறது. அடித்தளம், வளையங்கள், இவற்றை இறுக்கும் திருகாணிகள் என்பன இதன் உறுப்புகள். அடித்தளம் ரைபிளின் உடற்பகுதியோடு இணைகிறது. வளையங்கள் குறிநோக்கியின் குழாயைக் கவ்விப் பிடிக்கின்றன.

100 மீட்டர் தொலைவில் சுடுபவருக்கு ஏறத்தாழ எந்தத் தாங்கியும் போதும். 1000 கெஜம் (914 மீட்டர்) போன்ற நெடுந்தொலைவில் நிலைமை வேறு. அங்கே குறிநோக்கியின் திருகுக் குமிழில் உள்ள ஏற்ற அளவு போதுமா என்பதையும், ஒரு முறை நேர்ப்படுத்திய குறி அடுத்த நாளும் அதே இடத்தில் இருக்குமா என்பதையும் பெரும்பாலும் தாங்கியே முடிவு செய்கிறது. விலையுயர்ந்த குறிநோக்கியை வாங்கியவர் மீந்த பணத்தில் ஒரு தாங்கியை வாங்குவது பரவலான வழக்கம். அது பிழையான வரிசை.

சிறு நகர்வின் விளைவு

நெடுந்தொலைவுச் சுடுதலில் கோணங்கள் கோண நிமிடத்திலோ மில்லிரேடியனிலோ அளக்கப்படுகின்றன. ஒரு கோண நிமிடம் என்பது ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு. இது 100 மீட்டரில் 2.9 செ.மீ. ஆகும். ஒரு மில்லிரேடியன் 100 மீட்டரில் 10 செ.மீ. ஆகும். ஒரு மில்லிரேடியன் சுமார் 3.44 கோண நிமிடங்களுக்குச் சமம்.

இரு வளையங்களுக்கும் இடையே 100 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று மற்றொன்றைவிட 0.01 மி.மீ. மட்டும் நகர்ந்தால் பார்வைக் கோடு 0.1 மில்லிரேடியன் திரும்பிவிடும். 0.01 மி.மீ. என்பது மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. 100 மீட்டரில் இதனால் ஏற்படும் விலகல் 1 செ.மீ.; பெரும்பாலானோர் இதைக் கவனிக்கவும் மாட்டார்கள். 1000 கெஜத்தில் அதுவே 9 செ.மீ. ஆகிறது. அத்தொலைவில் நடைபெறும் எஃப்-கிளாஸ் போட்டியின் இலக்கில் மையத்திலுள்ள எக்ஸ் வளையத்தின் விட்டம் 5 அங்குலம் (12.7 செ.மீ.), அதாவது ஆரம் 6.35 செ.மீ. எனவே வேறு எந்தப் பிழையும் செய்யாத ஒருவரின் குண்டு, இந்த நகர்வு ஒன்றினாலேயே எக்ஸ் வளையத்துக்கு வெளியே விழுகிறது.

இத்தகைய நகர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இதன் தொல்லை. சுடுபவர் முதலில் காற்றின் மீது பழி போடுவார், பின்னர் தோட்டாவின் மீது, அதன் பின்னர் தம் மூச்சின் மீது. தாங்கியின் திருகாணியை இறுதியாகத்தான் தொட்டுப் பார்ப்பார்.

வரலாறு

தொடக்ககாலக் குறிநோக்கிகளில் இன்றுள்ளது போன்ற உட்புறத் திருகு அமைப்பு இல்லை. அமெரிக்காவில் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த வில்லியம் மால்கம் 1855-ஆம் ஆண்டளவில் தயாரிக்கத் தொடங்கிய நீண்ட குழாய்க் குறிநோக்கிகளிலும், அவற்றின் வழிவந்தவற்றிலும் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் பொறியமைப்பு தாங்கியிலேயே இருந்தது. தாங்கியைத் திருகினால் முழுக் குழாயும் மேலும் கீழும் அசையும். தாங்கி என்பது வெறும் பிடிப்பானாக அன்றி, அளவுக் கருவியாகவே இருந்த காலம் அது.

இவ்வகை அமைப்பு 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நிலைத்தது. பிட்ஸ்பர்க் நகரில் இயங்கிய ஜான் உனெர்ட்லின் நிறுவனம் செய்த 8 மடங்கு உருப்பெருக்கக் குறிநோக்கியை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை இரண்டாம் உலகப் போரில் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்களில் பயன்படுத்தியது. சுடும்போது குழாய் வளையங்களுக்குள் முன்னோக்கி வழுக்கும். பின்னர் அதைக் கையாலோ சுருள்வில்லாலோ பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நுண்ணளவித் திருகுகள் கொண்ட இத்தாங்கிகள் துல்லியமானவை. ஆனால் சேறும் மணலும் புகும் போர்க்களத்துக்கு ஏற்றவை அல்ல.

உனெர்ட்ல் குறிநோக்கி வியட்நாம் போரிலும் பயன்பட்டது. 1967-இல் கார்லோஸ் ஹாத்காக் என்ற அமெரிக்கக் குறிசுடுநர், பிரவுனிங் எம்2 கனரக இயந்திரத் துப்பாக்கியின் மீது இக்குறிநோக்கியைப் பொருத்தி ஏறத்தாழ 2500 கெஜ (2286 மீட்டர்) தொலைவில் சுட்டது 2002 வரை முறியடிக்கப்படாத தொலைவுச் சாதனையாக இருந்தது. அத்துப்பாக்கிக்கான தாங்கி கடையில் கிடைக்கவில்லை. அவர் வடிவமைத்ததைக் கடற்படைக் கட்டுமானப் பிரிவின் உலோகப் பணியாளர்கள் செய்து கொடுத்தனர்.

பிரித்தானியர் வேறு வழியில் சென்றனர். இரண்டாம் உலகப் போர்க்கால லீ-என்ஃபீல்டு எண் 4 குறிசுடு ரைபிள்களில் பெரும்பாலானவற்றை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் மாற்றியமைத்தது. கைவிரலால் திருகக்கூடிய இரு பெரிய திருகுகள் மூலம் தாங்கியைக் கழற்றி மாட்டலாம். ஒவ்வொரு தாங்கியும் ஒரு குறிப்பிட்ட ரைபிளுக்கென்றே கையால் இழைத்துப் பொருத்தப்பட்டமையால், ரைபிளின் எண் தாங்கியிலும் குறிநோக்கியின் எண் ரைபிளின் மரக்கட்டையிலும் பொறிக்கப்பட்டன. இணை மாறினால் பழைய நேர்ப்பாடு கிடைக்காது. சோவியத் ஒன்றியத்தில் 1963-இல் ஏற்கப்பட்ட டிராகுனோவ் ரைபிளில் தாங்கி இடப்பக்கவாட்டுப் பட்டையில் பொருந்துகிறது. குறிநோக்கி பழுதானாலும் இரும்புக் குறியைப் பயன்படுத்த இது இடமளிக்கிறது.

உட்புறத் திருகு அமைப்பு பரவலான பின்னர் தாங்கியின் வேலை ஒன்றாகச் சுருங்கியது: அசையாமல் இருப்பது. ஆயினும் நெடுந்தொலைவுச் சுடுதலின் வளர்ச்சி, கீழே விளக்கப்படும் சாய்வின் வழியாகப் பழைய வேலையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கே திருப்பிக் கொடுத்துள்ளது.

அடித்தள வகைகள்

1930-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கரான வில்லியம் வீவரின் பெயரால் அறியப்படும் வீவர் அடித்தளம் நீண்ட காலம் பரவலாக இருந்தது. இதில் குறுக்குப் பள்ளங்களின் அகலம் 0.180 அங்குலம் (4.57 மி.மீ.), பள்ளங்களுக்கு இடைப்பட்ட தொலைவு சீரானதன்று. அமெரிக்க இராணுவத்தின் பிக்காட்டினி ஆயுதசாலை இதைத் தரப்படுத்தி 1995-இல் மில்-எஸ்டிடி-1913 என்ற தரக்குறிப்பாக வெளியிட்டது. பிக்காட்டினிப் பட்டையில் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 10.01 மி.மீ. இதனால் வீவர் வளையங்கள் பெரும்பாலும் பிக்காட்டினிப் பட்டையில் அமரும். பிக்காட்டினி வளையங்களின் தடித்த குறுக்குத் தண்டு வீவர் பள்ளத்தில் நுழையாது. நேட்டோ அமைப்பு 2009-இல் ஏற்ற தரக்குறிப்பு இதே பட்டையை மெட்ரிக் அளவில் வரையறுத்து, தாங்கி பட்டையின் மேற்பரப்பில் அழுந்தி அமரும் முறையைப் பரிந்துரைத்தது. சாய்ந்த பக்கங்களை மட்டும் கவ்வும் தாங்கியைவிட இது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்கிறது.

நெடுந்தொலைவு ரைபிளுக்கு ஒரே துண்டாலான பிக்காட்டினிப் பட்டையே இன்று இயல்பான தெரிவாகும். முன்னும் பின்னும் தனித்தனித் துண்டுகளாக உள்ள அடித்தளம் எடை குறைந்தது. ஆனால் அவ்விரு துண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமையும் என்பதற்கு ரைபிளின் உடற்பகுதியில் துளையிட்டவரின் துல்லியமே உத்தரவாதம். உடற்பகுதியோடு சேர்த்தே கடைந்தெடுக்கப்பட்ட பட்டை கிடைக்குமாயின் அதுவே மேலானது; தளர்வதற்கு அங்கே திருகாணியே இல்லை. பட்டையைத் திருகாணியால் பொருத்தும் ரைபிள்களில், பழைய 6-48 அளவுத் திருகாணிகளுக்குப் பதிலாகத் துளையைப் பெரிதாக்கித் தடித்த 8-40 திருகாணிகளை இடுவது கைதேர்ந்த துப்பாக்கித் தச்சர்களின் வழக்கம்.

சிறிய .22 ரைபிள்களிலும் காற்றுத் துப்பாக்கிகளிலும் காணப்படும் 11 மி.மீ. புறாவால் தடம் நெடுந்தொலைவுக்கு உரியதன்று. எனினும் ஒரு செய்தி இங்கே குறிப்பிடத்தக்கது. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைப்பதால், பெரிய ரைபிளில் நன்றாக உழைக்கும் குறிநோக்கிகூட அதில் பழுதாகலாம்.

வளையங்களும் ஒற்றைத் துண்டுத் தாங்கியும்

வளையத்தின் உள்விட்டம் குறிநோக்கிக் குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். 1 அங்குலம் (25.4 மி.மீ.), 30 மி.மீ., 34 மி.மீ. ஆகியவை பரவலான அளவுகள். 35, 36, 40 மி.மீ. குழாய்களும் உண்டு. தடித்த குழாயின் உள்ளே குறுக்கிழை அமைப்பு அசைவதற்கு இடம் அதிகம் என்பதால் நெடுந்தொலைவுக் குறிநோக்கிகள் 34 மி.மீ. பக்கம் நகர்ந்துள்ளன. குழாய் தடித்தால் ஒளி கூடுதலாகக் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்வது பொருந்தாது. ஒளியைத் தீர்மானிப்பது பொருளருகு வில்லையின் விட்டமும் உருப்பெருக்கமும் ஆகும்.

இரு வளையங்களும் ஒரே அச்சில் இல்லாவிடில், இறுக்கும்போது குழாய் வளைந்து உட்புற அமைப்பு இறுகுகிறது. திருகுக் குமிழைத் திருப்பும் அளவுக்குக் குறி நகர்வதில்லை. முன்னாட்களில் வளையங்களின் உட்பக்கத்தைத் தேய்ப்புப் பசையும் எஃகுத் தண்டும் கொண்டு இழைத்து இக்குறை சரிசெய்யப்பட்டது. பர்ரிஸ் நிறுவனத்தின் ஒரு வகை வளையங்களில் கோள வடிவப் புறப்பரப்புள்ள நெகிழி உறை உள்ளது. அது குழாயின் கோணத்துக்கேற்பத் தானே திரும்பிக் கொள்ளும். இரு வளையங்களும் அடியும் ஒரே கட்டியிலிருந்து கடையப்பட்ட ஒற்றைத் துண்டுத் தாங்கி வந்த பின்னர் இழைக்கும் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. மலிவான வளையங்களை வாங்கி இழைப்பதைக் காட்டிலும் நன்கு கடையப்பட்டவற்றை வாங்குவதே சிக்கனம்.

தாங்கிகள் பெரும்பாலும் 7075-டி6 அல்லது 6061-டி6 வகை அலுமினியக் கலப்பு உலோகத்தாலும், சில எஃகாலும் செய்யப்படுகின்றன. இவற்றுள் 7075 வலிமை மிக்கது. எஃகு கனமானது, ஆனால் ரைபிளின் உடற்பகுதியும் எஃகே என்பதால் இரண்டும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிகின்றன. அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைகிறது. 150 மி.மீ. நீளப் பட்டையில் 30 பாகை செல்சியசு வெப்பநிலை மாற்றத்துக்கு இவ்வேறுபாடு சுமார் 0.05 மி.மீ. வரும். இது திருகாணிகளின் பிடிமானத்தைச் சோதிக்கும் காரணிகளுள் ஒன்று.

எடையும் ஒரு கணக்கே. எஃப்-கிளாஸ் திறந்த பிரிவில் ரைபிளின் மொத்த எடை 10 கிலோகிராமையும், .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் தோட்டாக்களுக்கு மட்டுமான எஃப்-டிஆர் பிரிவில் 8.25 கிலோகிராமையும் தாண்டக் கூடாது. இதில் குறிநோக்கியும் தாங்கியும் அடங்கும்.

சாய்வு

நெடுந்தொலைவுத் தாங்கிக்கும் பிறவற்றுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு சாய்வு ஆகும். பட்டையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயரமாகக் கடையப்படுகிறது. இதனால் குறிநோக்கி ரைபிளின் குழலைப் பார்க்கக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இலக்கை நோக்கிப் பார்வையை உயர்த்தும்போது குழல் தானாகவே மேல்நோக்கி நிற்கும். 20 கோண நிமிடச் சாய்வு பரவலானது. 150 மி.மீ. நீளப் பட்டையில் இதற்குப் பின்முனை 0.87 மி.மீ. மட்டுமே உயர வேண்டும்.

இதன் தேவையை ஒரு கணக்கின் மூலம் அறியலாம். .308 வின்செஸ்டர் ரைபிளில் 175 கிரெயின் போட்டிக் குண்டை 100 கெஜத்தில் நேர்ப்படுத்திவிட்டு 1000 கெஜத்தில் சுட, காற்றின் அடர்த்தியைப் பொறுத்துச் சுமார் 38 கோண நிமிடம் ஏற்ற வேண்டும். குறிநோக்கியின் மொத்த ஏற்ற இறக்க அளவு 60 கோண நிமிடம் எனக் கொண்டால், அதன் நடுவிலிருந்து மேலே 30, கீழே 30 கிடைக்கும். தட்டையான பட்டையில் 38-ஐ எட்ட முடியாது. குமிழ் முடிவில் முட்டி நின்றுவிடும். 20 கோண நிமிடச் சாய்வுள்ள பட்டையில் மேலே 50, கீழே 10 என்று ஆகிறது. 1000 கெஜம் கைக்கு எட்டுகிறது, 12 கோண நிமிடம் மிச்சமும் உண்டு.

அப்படியானால் 40 கோண நிமிடச் சாய்வு இன்னும் நல்லது எனத் தோன்றலாம். இதே குறிநோக்கியை அதில் பொருத்தினால், இறக்குவதற்கு 30 மட்டுமே இருப்பதால் 100 கெஜத்தில் நேர்ப்படுத்தவே முடியாது. குமிழை முழுவதும் இறக்கியும் குண்டு குறிக்கு மேலேயே விழும். ஆகவே மொத்த அளவில் பாதியைவிடச் சற்றுக் குறைவான சாய்வே ஒருவர் பயன்படுத்தக்கூடிய மேல் வரம்பு. மொத்த அளவு 100 கோண நிமிடத்துக்கு மேல் உள்ள இன்றைய 34 மி.மீ. குறிநோக்கிகளுக்கு 30 அல்லது 40 கோண நிமிடச் சாய்வு தடையில்லாமல் பொருந்தும்.

சாய்வின் மற்றொரு நன்மை குறைவாகவே பேசப்படுகிறது. உட்புற அமைப்பு வட்டக் குழாய்க்குள் அசைவதால், ஏற்றத்தின் எல்லையை நெருங்கும்போது பக்கவாட்டில் நகரும் இடம் சுருங்குகிறது. காற்றுக்காகப் பக்கத் திருத்தம் மிகுதியாகத் தேவைப்படும் நெடுந்தொலைவில்தான் இது நேர்கிறது. சாய்வான தாங்கி, அத்தொலைவிலும் அமைப்பை நடுவருகே வைத்திருக்கிறது.

2 மைல் (3219 மீட்டர்) போன்ற மிகு நெடுந்தொலைவில் தேவைப்படும் ஏற்றம் 150 கோண நிமிடத்தையும் தாண்டும். பெரும்பாலான குறிநோக்கிகளால் நிலையான பட்டையை மட்டும் கொண்டு இதைச் சமாளிக்க இயலாது. அங்கே சாய்வைப் படிப்படியாக மாற்றக்கூடிய தாங்கிகளும், வில்லைக்கு முன் பொருத்தும் முப்பட்டகங்களும் பயன்படுகின்றன.

உயரம்

பொருளருகு வில்லைப் பகுதி குழலையோ பட்டையையோ தொடக் கூடாது. ரைபிளின் போல்ட் கைப்பிடி கண்ணருகுப் பகுதியில் இடிக்கக் கூடாது. இவற்றுக்கு இடம் விட்டுத் தாங்கியின் உயரத்தைத் தெரிவு செய்ய வேண்டும். 56 மி.மீ. வில்லையுள்ள குறிநோக்கியின் முன்பகுதி வெளிவிட்டம் 62 மி.மீ. எனில், அதன் ஆரமான 31 மி.மீ.க்கு மேலாகக் குழாயின் மைய உயரம் அமைய வேண்டும். வில்லை மூடிக்கும் இடம் விடுவது நல்லது. சில தயாரிப்பாளர்கள் பட்டையின் மேற்பரப்பிலிருந்து குழாயின் மையம் வரையும், வேறு சிலர் குழாயின் அடிப்பரப்பு வரையும் அளந்து உயரத்தைக் குறிப்பிடுவதால், எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுகின்றனர்.

தாங்கி எவ்வளவு தாழ்வாக உள்ளதோ அவ்வளவு நல்லது என்பது வேட்டைக்காரர்களின் பழைய விதி. நெடுந்தொலைவில் இதற்குப் பெரிய பொருள் இல்லை. உயரமான தாங்கியில் 100 மீட்டருக்கு நேர்ப்படுத்தும்போது குழல் சற்றுக் கூடுதலாக மேல்நோக்குவதால், தொலைவில் தேவைப்படும் ஏற்றம் சிறிது குறையவே செய்யும். கன்னம் கட்டையில் இயல்பாகப் படியுமாறு அமைவதே முதன்மை. கன்னத்தாங்கியை உயர்த்தும் வசதியுள்ள கட்டையில் இது எளிது. ஆனால் மைய உயரத்தைச் சரியாக அளந்து எறியியல் கணிப்பானில் இட வேண்டும். அதில் 10 மி.மீ. பிழை இருந்தால் 1000 மீட்டரில் கணிப்பு 9 செ.மீ. தவறும்.

பொருத்தும் முறை

பிக்காட்டினிப் பட்டையில் தாங்கியை வைத்தபின் அதைக் குழல்முனைப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். சுடும்போது ரைபிள் பின்னோக்கி உதைக்கிறது. குறிநோக்கியோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது, அதாவது ரைபிளைப் பொறுத்து முன்னோக்கி நகர்கிறது. தாங்கியின் குறுக்குத் தண்டு பள்ளத்தின் முன்சுவரைத் தொட்டபடி முன்னரே இருந்தால் மேலும் நகர இடமில்லை.

வளையங்களின் மேல்மூடித் திருகாணிகளுக்குப் பொதுவாக 15 முதல் 20 அங்குல-பவுண்டு (1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர்) முறுக்குவிசை குறிப்பிடப்படுகிறது. பட்டையைக் கவ்வும் திருகாணிகளுக்கு இது பெரும்பாலும் 45 முதல் 65 அங்குல-பவுண்டு வரை இருக்கும். தாங்கியைச் செய்தவரும் குறிநோக்கியைச் செய்தவரும் வெவ்வேறு அளவு சொன்னால் வளையத்துக்குக் குறைந்த அளவைக் கொள்வதே பாதுகாப்பு. மிகையாக இறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும். கை உணர்வை நம்பாமல் முறுக்குவிசை காட்டும் திருப்பியைப் பயன்படுத்த வேண்டும். மூடிகளை ஒரு பக்கமாக முழுவதும் இறுக்காமல், இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்குமாறு குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குவது முறை. திருகாணி ஒட்டும் பசை உராய்வைக் குறைப்பதால், அதைப் பூசிவிட்டு அதே முறுக்குவிசையைக் கொடுத்தால் திருகாணி எண்ணியதைவிடக் கூடுதலாக இறுகும்.

குறுக்கிழை நேராக நிற்பது குறித்துப் பரவலான ஒரு குழப்பம் உண்டு. சுடும் நேரத்தில் குறுக்கிழை செங்குத்திலிருந்து 1 பாகை சாய்ந்திருந்தால், மேற்கூறிய 38 கோண நிமிட ஏற்றத்தின் ஒரு சிறு பகுதி பக்கவாட்டில் திரும்பி, 1000 கெஜத்தில் குண்டு சுமார் 18 செ.மீ. விலகுகிறது, பத்து மதிப்பெண் வளையத்தின் ஆரமான 12.7 செ.மீ.யை இது தாண்டிவிடும். மாறாக, குறுக்கிழை செங்குத்தாகவே நின்று, ரைபிளின் உடல் மட்டும் அதற்கு 1 பாகை திரும்பியிருந்தால், 50 மி.மீ. உயரத் தாங்கியில் அதே தொலைவில் விலகல் 1 செ.மீ.க்கும் குறைவே. எனவே குறிநோக்கியை ரைபிளுக்கு நேராக்குவதில் மணிக்கணக்கில் செலவிடுவதைவிட, ஒரு நீர்மட்டத்தைக் குறுக்கிழைக்கு இணையாகப் பொருத்தி ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துச் சுடுவது பயன் தரும்.

பொருத்தியபின் சோதிக்க எளிய வழி உயர்இலக்குச் சோதனை ஆகும். தூக்குக்குண்டு கட்டி உயரமான தாளில் செங்குத்துக் கோடு வரைந்து, 100 மீட்டரில் அதன் அடிப்புள்ளியைக் குறிபார்த்துச் சுட வேண்டும். பின்னர் குமிழை 10 மில்லிரேடியன் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து மீண்டும் சுட வேண்டும். இரண்டாம் தொகுதி சரியாக 1 மீட்டர் மேலே, அதே கோட்டின் மீது விழ வேண்டும். கோட்டிலிருந்து விலகினால் குறுக்கிழை சாய்ந்துள்ளது. உயரம் குறைந்தாலோ கூடினாலோ குமிழின் அளவு பிழையானது, அல்லது வளையங்கள் குழாயை நெரிக்கின்றன.

திருகாணித் தலையிலிருந்து தாங்கியின் உடல் வரை மெல்லிய வண்ணக் கோடு தீட்டி வைப்பது உண்டு. கோடு முறிந்திருந்தால் திருகாணி தளர்ந்தது பார்த்தவுடனே தெரியும். குழாயிலும் வளையத்தின் ஓரத்தில் இவ்வாறு ஒரு கோடு இடலாம். குழாய் வழுக்குவதை அது காட்டிக் கொடுக்கும்.

போட்டி விதிகள்

எல்லா ரைபிள் போட்டிகளிலும் குறிநோக்கி அனுமதிக்கப்படுவதில்லை. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகள் 10 மீட்டரிலும் 50 மீட்டரிலும் துளைக் குறியைக் கொண்டே நடைபெறுகின்றன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வென்றதும் இவ்வகைக் குறியைக் கொண்டுதான். இங்கிலாந்தின் பிஸ்லி திடலில் 1890 முதல் நடந்துவரும் போட்டிகளில் இலக்கு ரைபிள் பிரிவினர் 1000 கெஜத்திலும் துளைக் குறியையே பயன்படுத்துகின்றனர். கண்பார்வை மங்கிய மூத்த சுடுநர்கள் தொடர்ந்து பங்கேற்கும் பொருட்டுக் கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்வார்சன் முன்னெடுத்த பிரிவே எஃப்-கிளாஸ்; அதன் எஃப் எழுத்து அவர் பெயரிலிருந்து வந்தது. குறிநோக்கியும் தாங்கலும் அப்பிரிவில் அனுமதிக்கப்படுகின்றன.